எட்டு முழம் மல்லி தாங்கிய தலை

என் முடிக்கு ரப்பர் பேண்டை ஐந்து முறை சுற்ற வேண்டும். மற்ற பெண்களுக்கு இரண்டு சுற்று போதும். அடர்த்தியான முடி என்றால் இரண்டாவது சுற்றுக்கே அது திணறும். எனக்கு ஐந்தாவது சுற்றிலும் தொளதொளவென்றுதான் நிற்கும். இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. செருப்பு வாங்கப் போனால் அளவு சொல்கிறோம் இல்லையா, அந்த மாதிரி சொல்கிறேன். ஆனால் இவ்வளவு சாதாரணமாகச் சொல்வதற்கு எனக்கு இருபத்தேழு வருஷம் ஆனது.

எங்கள் வீடு ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில். என் முடியைப் பற்றி அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால்தான் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. எதிர் வீட்டு அக்காவும் அதே உப்புத் தண்ணீரில்தான் குளித்தார். அவருக்கு மணிக்கட்டு கனத்துக்கு இடுப்புக்குக் கீழே சடை தொங்கியது. அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பன் கட்ட வேண்டும் என்பது சட்டம். என் தலையில் ரிப்பன்தான் தெரியும். சடையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எலிவால் என்று பெயர் வைத்தார்கள். முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டவளின் தயிர் சாதத்தில் சாக்பீஸ் தூளைக் கலந்தேன். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. என் காதில் விழும்படி கூப்பிடவில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

அம்மா விடாமல் வைத்தியம் பார்த்தாள். கரிசலாங்கண்ணித் தைலம், ஊறவைத்து அரைத்த வெந்தயம், செம்பருத்தி இலை, எல்லாம் என் தலையில் ஏறி இறங்கின. கல்லூரியில் கடைசி வருஷம் சின்ன வெங்காயச் சாறு. தேய்த்து, ஊறவைத்து, அலசிய பிறகும் வாசனை போகவில்லை. தாம்பரம் போகிற ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாரு இன்னிக்கி வெங்காய சாம்பார்?" என்று கேட்டார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தேன்.

முடி வளரவில்லை என்று சொல்ல முடியாது, நீளமாக வளர்ந்தது. ஒவ்வொரு இழையும் மெல்லிசு, அதுவும் எண்ணிக்கையில் குறைவு, அவ்வளவுதான் சங்கதி. முதுகு நடுவில் அது ஒரு நூலாகி முடியும். அம்மா அதை வெட்ட விடமாட்டாள். இருக்கிறதே கொஞ்சம், அதையும் வெட்டுவதா என்பது அவள் வாதம். விசேஷம் என்றால் சவுரி வைத்துப் பின்னிவிடுவாள். அந்தச் சவுரி கறுப்பு, என் முடி லேசான பழுப்பு. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ ஒருத்தியின் முடி ஆரம்பிப்பது நன்றாகவே தெரியும்.

எனக்கு இருபத்தைந்து வயதில் முதல் தடவையாகப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலையில் அம்மா நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, தலைக்குக் குளிக்க வைத்தாள். நல்ல காரியம் என்றால் எங்கள் வீட்டில் தலைக்குக் குளிக்காமல் யாரும் உட்கார முடியாது. பிறகு சவுரி, பிறகு நான்கு முழம் மல்லி. பம்மலில் இருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் அவர்தான் மேற்பார்வை. அவர்தான் என்னைப் பையனுடைய அம்மாவின் காலில் விழுந்து கும்பிடச் சொன்னார். நான் விழுந்தேன். என் தலை தரையைத் தொட்ட அதே நொடியில் சவுரி கழன்று, பூவோடு சேர்ந்து முன்னால் சரிந்து, அந்த அம்மாவின் பாதத்தின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

அவர் "ஐயோ" என்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். அவர் என்ன நினைத்தாரோ, பாவம். யாரும் சிரிக்கவில்லை. ஒருவராவது சிரித்திருந்தால் காரியம் அங்கேயே சரியாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அத்தை மட்டும் வாயைத் திறந்தார். "பூ தரையில விழக்கூடாதுடி. அதுவும் இந்த நேரத்துல" என்றார்.

இரண்டு நாள் கழித்து, ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டியதில் பொருத்தம் சரியில்லையாம் என்று போன் வந்தது. அந்தப் பையனை நான் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஆகவே அவர் போனதில் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் பம்மலிலிருந்து மேடவாக்கம் வரை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அத்தை மூலம் விஷயம் போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த கல்யாண வீட்டில் நான் குனிந்து சாப்பாட்டு இலையை எடுத்தபோது நான்கு பேர் என் பின்னந்தலையைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அரை பக்கெட் நிரம்புவதற்குள் அழுகை முடிந்துவிட்டது. கோபம் மட்டும் மாதக்கணக்கில் இருந்தது.

நான் குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். ஒரு ரிசல்ட் தப்பாக வந்தால் நாங்கள் சகுனம் பார்ப்பதில்லை. எங்கே தப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது காரணம் என்று தெரியாது. இருபத்தைந்து வருஷமாக என் தலையில் எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அது எப்படிப்பட்ட முடி என்று உற்றுப் பார்க்கவில்லை. நானும்தான்.

பார்க்க ஆரம்பித்ததும் முதலில் பிடிபட்டது ஒரு சின்ன விஷயம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வைத்துக்கொண்டு போகிற பூ, தாம்பரம் தாண்டுவதற்குள் நழுவித் தோளில் விழும். சனிக்கிழமை வைக்கிற பூ, ரயிலைப் பிடிக்க ஓடினாலும் இருக்கும். பூவும் அதே பூ, ஹேர்பின்னும் அதே ஹேர்பின். நான்கு வாரம் தொடர்ந்து குறித்துப் பார்த்தேன், மாறவேயில்லை. புதிதாக அலசிய மெல்லிய முடி வழுக்கும். மறுநாள்தான் அதற்குக் கொஞ்சம் பிடிப்பு வரும். எண்ணெய் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

அதாவது, என் தலையில் பூ நிற்கவே நிற்காத நாளாகப் பார்த்துப் பார்த்துத்தான் என் வீட்டார் இத்தனை வருஷமாகப் பூ வைத்துவிட்டிருக்கிறார்கள். பண்டிகை, கல்யாணம், பெண் பார்க்கிற சடங்கு என்று நல்ல நாள் எதுவானாலும் காலையில் எண்ணெய், சீயக்காய், தலைக்குக் குளியல். பிறகு பூ விழுந்தால் சகுனம். எனக்குச் சிரிப்பு வந்தது. லேபில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

அதன் பிறகு நான் நிற்கவில்லை. வகிட்டை நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி இடப்பக்கம் மாற்றினேன்; உச்சியில் தெரிந்துகொண்டிருந்த வெள்ளைக் கோடு மறைந்தது. எண்ணெய் வைப்பதை ராத்திரிகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். கடைசியாக அந்த நூலை வெட்ட முடிவு செய்தேன். லேபில் கூட வேலை செய்கிற பெண் சொல்லி, கோவிலம்பாக்கத்தில் ஒரு பார்லருக்குப் போனேன். நடத்துகிற அக்கா என் சடையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வால் மாதிரி தொங்கிக்கினு கீது. இத்த வச்சிக்கினு இன்னா பண்றே?"

"அதான் வெட்ட வந்தேங்கா. தோள் வரைக்கும்."

"லேயர் போட்டுத் தரட்டா? ஸ்டைலா இருக்கும்."

"வேணாங்கா. லேயர் போட்டா இருக்கறதும் பறக்கும். அடியில ஒரே கோடா வெட்டுங்க."

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சிக்கினு வந்துக்கிறே. ஆமா, மெல்லிசு முடிக்கு அதான் கரெக்டு. நீ சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லியிருக்க மாட்டார். இருந்தாலும் நன்றாக வெட்டினார். ஒரு சாண் முடி தரையில் கிடந்தது, ஒரு பிடிகூடத் தேறவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடியில் இருந்தவளுக்கு முடி இருந்தது. தோளில் வந்து தட்டி நின்றது, தலையைத் திருப்பினால் கூடவே திரும்பியது. நான் அழகாக இருந்தேன். அதை நானே சொல்லிக்கொண்டேன், வாய்விட்டு. அக்கா "பின்ன?" என்றார்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இப்பதான்மா உனக்கு முடி இருக்கறதே தெரியுது" என்றார். பாராட்டுவதில் அவருக்கு அவ்வளவுதான் வரும். நான் அதையே பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் வந்த வரனுக்கு, தோள்வரை வெட்டிய முடியோடு எடுத்த போட்டோவைத்தான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்தேன். அவர்களுக்குப் பிடித்திருந்தது. இரண்டு குடும்பமும் பேசி, நாங்கள் இருவரும் மூன்று தடவை தாம்பரத்தில் காபி குடித்து, எல்லாம் முடிவானது. மாப்பிள்ளைக்கு முன்நெற்றி நன்றாகவே ஏறியிருந்தது. அதைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதைக் கவனித்து வைத்துக்கொண்டேன். நான் திறந்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "கேக்கறவங்ககிட்ட ஹெல்மெட்டாலன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதனால்தான் பயமும் வந்தது.

பூ வைக்க நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தாம்பாளத்தில் பூவோடு வருவார்கள். மாப்பிள்ளையின் அக்கா பெண்ணின் தலையில் பூ வைப்பார். பூ வைத்தாகிவிட்டால் பெண் அவர்கள் வீட்டுப் பெண். அதன் பிறகு பெண் எழுந்து, பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிட வேண்டும். சரியாக அதே இடம், அதே வேலை. பார்க்க வரப்போவதும் அதே சொந்தக்காரர்கள். அத்தை போனில் அம்மாவிடம், "போன தடவை விழுந்தது பெண் பார்க்கையில. இது பூ வைக்கிற அன்னிக்கி. இதுலயும் விழுந்துச்சுன்னா அவங்க சும்மா இருப்பாங்களா?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

முதல் நாள் காலையிலேயே தலைக்குக் குளித்தேன், எண்ணெய் இல்லாமல். சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டில் ஐந்து முழம் மல்லி வாங்கி வந்து அறைக் கதவைச் சாத்தினேன். பின்னந்தலையில், மேல் முடியைத் தூக்கிவிட்டு, அடியில் சுண்டுவிரல் கனத்துக்கு இரண்டு குட்டிப் பின்னல். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு, இரண்டு ஹேர்பின்னைப் பெருக்கல் குறி மாதிரி குத்தினேன். அதன்மேல் மேல் முடியை இறக்கி, பிடரியில் சின்னதாக ஒரு கொண்டை. சவுரி கிடையாது. பூவின் கனம் முழுக்க அந்தக் குட்டிப் பின்னல்கள்மேல் விழ வேண்டும். பூவை வைத்துக்கொண்டு பீரோவின் முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழுந்து மறுபடி விழுந்தேன். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ அப்பா கதவைத் திறந்துவிட்டார். நான் பீரோவின் காலடியில் கிடந்தேன்.

"என்னம்மா வேண்டுதல்?" என்றார்.

"பூ நிக்குதாப்பா?"

குனிந்து பார்த்தார். "நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அத்தை வந்துவிட்டார், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு. நான் நேற்றே குளித்தாகிவிட்டது என்றதும் அவருக்கு முகம் மாறியது. "நல்ல நாளும் அதுவுமா, தலைக்குக் குளிக்காம மணையில உட்காருவியா? எங்கயாவது உண்டா?"

"குளிச்சா பூ விழும் அத்தை."

"பூ விழறது முடி இல்லாததால. சவுரி வச்சு இறுக்கிப் பின்னினா ஏன் விழுது?"

"போன தடவை சவுரி வச்சுதானே விழுந்துச்சு?"

"அது இவ சரியா பின்னல" என்று அம்மாவைக் காட்டினார்.

அம்மா கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பைச் சின்னதாக்கினாள். அம்மா எப்போதும் அத்தை சொல்வதைத்தான் கேட்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். சவுரி எடுத்துவரப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அத்தை கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, எண்ணெயைப் பாட்டிலில் திருப்பி ஊற்றி மூடினாள். பிறகு ஒரு டம்ளரில் மஞ்சள் கரைத்து வந்து என் உச்சியில் மூன்று சொட்டு தெளித்தாள்.

"இது போதும் அண்ணி. அவ தலை, அவளுக்குத் தெரியும்" என்றாள்.

அத்தையிடம் அவள் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தை விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார். அம்மா ரவையைக் கிளற ஆரம்பித்தாள்; அது கொஞ்சம் கருகியிருந்தது.

மொட்டைமாடியில் ஷாமியானா போட்டிருந்தோம். பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாம்பாளத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சோதித்தது ஐந்து முழம். அவர்கள் கொண்டுவந்தது எட்டு முழம், அதுவும் நெருக்கிக் கட்டிய பூ, தண்ணீர் தெளித்து ஈரமாக. ஈரப்பூ என்றால் கனம் இன்னும் கூடும். அத்தை முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பெண் தலை குனிந்து, வாய் மூடி உட்கார வேண்டும் என்பதுதான் முறை. மாப்பிள்ளையின் அக்கா என் பின்னால் வந்து, எட்டு முழத்தையும் ஒரே சுருளாகப் பிடித்து, கொண்டையின் உச்சியில் குத்தப் போனார். அப்படிக் குத்தினால் நிற்காது. அது எனக்கு என் பெயர் மாதிரி தெரியும். தலையை நிமிர்த்தினேன்.

"அண்ணி, மேல வேணாம். கொண்டைக்கு அடியில கைய விடுங்க. ரெண்டு சின்னப் பின்னல் இருக்கும்."

அவர் விரல்கள் தேடின.

"இருக்கு" என்றார்.

"அதுக்குள்ள பூ நாரைக் கோத்து வாங்குங்க. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். சுத்தி வந்ததும் பின்னைக் குறுக்க குத்துங்க."

"பொண்ணு நமக்கே கிளாஸ் எடுக்குது" என்று அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு அது. அவர் பக்கத்துப் பெண்களும் சிரித்தார்கள். முன்வரிசையில் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அண்ணி பொறுமையாக நான் சொன்னபடியே செய்தார். முடித்துவிட்டு லேசாக இழுத்துப் பார்த்தார். என் தலைதான் பின்னால் போனது, பூ அசையவில்லை.

எழுந்தேன். முதலில் மாமியார், மாமனார் காலில் விழுந்தேன். கழுத்துக்குப் பின்னால் ஈரமாக, கனமாக, குளிர்ச்சியாக அது அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு அப்பா அம்மா. அம்மா என்னை ஆசீர்வாதம் பண்ணாமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்ததால் அப்பா அவளை முழங்கையால் இடிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது அத்தை. அவர் முன்னால் போய் நின்றேன். முழங்கால், பிறகு கை, பிறகு நெற்றி என்று சிமெண்டுத் தரையில் முழுசாக விழுந்தேன். ஒன்றும் நழுவவில்லை, ஒன்றும் சரியவில்லை. தலைக்கு மேலே அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லாயிரும்மா, எந்திரி" என்றார். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அவரும், அவருக்குப் பின்னால் இருந்த நாற்பது பேரும் என் பின்னந்தலையை நன்றாகப் பார்த்து முடிக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.